பாம் ஷெல்டரில் அப்பாயியின் குரல்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டின் சமையலறையை ஒட்டி ஒரு சிறிய அறை இருக்கிறது. கனத்த இரும்புக் கதவு, தடித்த கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது. 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் குடும்பம் ஒதுங்கிக்கொள்வதற்கான காப்பறை அது. எல்லார் வாயிலும் பாம் ஷெல்டர். பெரும்பாலான வீடுகளில் அதற்குள் அரிசி மூட்டையும் பயணப் பெட்டிகளும் தீபாவளி விளக்குச் சரங்களும் இருக்கும். எங்கள் வீட்டில் அவற்றோடு ஓர் இரும்பு அலமாரியும் இருக்கிறது. அதில் மூன்று கணினிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வீட்டிலேயே சர்வர், அதாவது மற்ற கணினிகளுக்குக் கோப்பும் சேவையும் தரும் கணினி, வைப்பதை ஹோம்லேப் என்பார்கள். பலருக்கு அது வேலைக்கான பயிற்சிக்கூடம். நெட்வொர்க், விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் ஓடும் தனிக் கணினி), லினக்ஸ் இயங்குதளம் எல்லாம் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம். நானும் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் நான் இதில் இறங்கியதற்குக் காரணம் 43 கேசட்டுகள்.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். தோ பாயோவில் நாங்கள் இருந்த காலத்தில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். அவருடைய அம்மா, எங்கள் அப்பாயி, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி, விடுகதை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். அப்பா அவரைப் பேசவிட்டும் பாடவிட்டும் பதிவு செய்தார். 1979-இல் தொடங்கி 1991-இல் அப்பாயி காலமாகும்வரை 43 கேசட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் அப்பாவின் அழகான கையெழுத்தில் தேதியும் குறிப்பும் இருக்கும்.

அப்பா 2014-இல் இறந்த பிறகு அவற்றைக் கணினிக்கு மாற்ற ஆரம்பித்தேன். அறுபது நிமிடக் கேசட்டை மாற்ற அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி இல்லை. 11 கேசட்டுகள் முடிந்தன. எல்லாவற்றையும் ஒரே யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். 2018-இல் ஒருநாள் அந்த டிஸ்க் டிக், டிக் என்று சத்தம் போட்டது. அப்புறம் கணினிக்கு அது தெரியவே இல்லை. மீட்டுத் தருவதாகச் சொன்ன கடையில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். சரி, கேசட் இருக்கிறதே என்று பெட்டியைத் திறந்தால் நாடாவின் ஓரங்களில் வெள்ளையாகப் பூஞ்சை. இந்த ஊர் ஈரப்பதத்தில் கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்களெல்லாம் ஈரத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட் என்ற அலமாரியை வாங்குவது ஏன் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சில் உறைத்தது. அந்தப் பதினொன்றில் நான்கை மீண்டும் எடுக்கவே முடியவில்லை. அந்த நான்கும் போனவைதான்.

பொருளை வைத்திருப்பது வேறு, பேணுவது வேறு என்பதை அந்த நான்கு கேசட்டுகளிடம் நான் கற்றேன். பொது நினைவைப் பேண இந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய பக்கங்களை, தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் வீட்டிலிருந்தபடியே புரட்டலாம். ஆனால் அப்பாயியின் நடவுப் பாட்டை எந்த வாரியமும் தேடி வராது. அதை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வாங்கியது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ரேக் சர்வர், அடுக்குச் சட்டத்தில் பொருத்தும் தட்டையான பெரிய வகை. விலை மலிவு, எடை இருபது கிலோவுக்கு மேல். மின்தூக்கியில் ஏற்றி இறக்க அடுத்த வீட்டு மலாய்த் தம்பி கை கொடுத்தார். ஓட விட்டதும் அதன் விசிறிகள் போட்ட இரைச்சலில் இரும்புக் கதவை மூடிய பிறகும் வரவேற்பறையில் பேச்சு கேட்கவில்லை. பிளக் பாயிண்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போதே 180 வாட். ஒரு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 130 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் 39 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கேசட் பாட்டுகளையும் குடும்பப் படங்களையும் வைத்துக்கொள்ள அவ்வளவு பெரிய இயந்திரம் தேவையே இல்லை. கற்றுக்கொள்வதற்கென்று வாங்குபவர்களிடமும் நான் இதைத்தான் சொல்வேன்: ரேக் சர்வரின் தோற்றத்தில் மயங்காதீர்கள்.

அதை விற்றுவிட்டு, அலுவலகங்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் மினி பிசிகள் இரண்டை, பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்தில் வாங்கினேன். ஒரு தடிமனான புத்தகத்தின் அளவுதான் இருக்கும். உள்ளே இன்டெல் ஐ5-8500டி. ஆறு கோர், 35 வாட் வகை. சும்மா இருக்கும்போது பத்து வாட் சொச்சம்தான். மூன்றாவதாக, பழைய மதர்போர்டு ஒன்றை சாதாரணப் பெட்டியில் போட்டு அதில் இரண்டு 8 டெராபைட் டிஸ்குகள். டிஸ்குகளை மட்டும் புதிதாக, சிம் லிம் சதுக்கத்தில் வெவ்வேறு கடைகளில் வாங்கினேன். ஒரே தொகுப்பில் வந்த டிஸ்குகள் ஒரே சமயத்தில் பழுதாகும் வாய்ப்பு உண்டு என்பதால் அப்படி. ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் சேர்த்து இப்போது 65 வாட். மாதம் 14 வெள்ளி. இதை நான் மனநிறைவோடு கட்டுகிறேன்.

மினி பிசிகளில் ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடுகிறது. டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்ட இலவச மென்பொருள். ஒரே கணினிக்குள் பல கணினிகளைத் தனித்தனியாக ஓட்ட உதவும். குடும்பப் படங்களுக்கு இம்மிச், பாட்டுக்கும் வீடியோவுக்கும் ஜெல்லிஃபின், காகிதங்களுக்கு பேப்பர்லெஸ். பேப்பர்லெஸ் பற்றி ஒரு வார்த்தை. அது ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க டெசராக்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது. டெசராக்ட்டுக்குத் தமிழ் தெரியும். அமைப்பில் தமிழையும் சேர்த்துவிட்டால், அப்பா வெட்டி ஒட்டி வைத்த பத்திரிகைத் துணுக்குகளில் ஒரு சொல்லைத் தட்டித் தேட முடிகிறது. அச்செழுத்தில் தடுமாறினாலும் பெரும்பாலும் சரியாகவே படிக்கிறது. அப்பாவின் கையெழுத்தை டெசராக்ட்டால் படிக்க முடியாது. அவர் கையால் எழுதியவற்றை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக நானே தட்டச்சு செய்கிறேன்.

இந்த ஊரில் சர்வர் வைப்பவர்களுக்கு முதல் எதிரி வெப்பம். பாம் ஷெல்டரின் கதவை முழுதாகச் சாத்தி வைத்த முதல் வாரம் டிஸ்கின் வெப்பநிலை 53 பாகை. பொதுவாக டிஸ்க் தயாரிப்பாளர்கள் 60 பாகையை மேல் எல்லையாகச் சொல்கிறார்கள். 53-இல் வருடக்கணக்கில் ஓட விட எனக்கு மனம் வரவில்லை. சுவரை உடைக்கவோ கதவைக் கழற்றவோ விதி இடம் தராது. அது உயிர் காக்கும் அறை, அதில் கை வைக்கக் கூடாது என்பது எனக்கும் உடன்பாடுதான். அதனால் தரையில் நிற்கும் அலமாரி, கதவை ஒரு சாண் திறந்து வைப்பது, வெப்பக் காற்றை வெளியே தள்ளும் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று. இப்போது 42 பாகையில் நிற்கிறது. வைஃபை அந்தக் கான்கிரீட்டைத் தாண்டாது. அதனால் கேபிளை நிலைப்படியின் ஓரமாக இழுத்து, கதவை மூட வேண்டி வந்தால் ஒரு நொடியில் பிடுங்கிவிடும்படி வைத்திருக்கிறேன்.

நாட்டளவிலும் இதே கவலைதான். 2020-இல் சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்களே எடுத்துக்கொண்டன. 2019-இலிருந்து புதிய நிலையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்து, 2022-இல்தான் மீண்டும் நிபந்தனைகளோடு திறந்தார்கள். 2023-இல் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத்துக்கென்றே ஒரு தரநிலையை வெளியிட்டது: அறையைத் தேவையில்லாமல் குளிரவைக்காமல் 26 பாகை, அதற்கு மேலும் என்று படிப்படியாக உயர்த்தி இயக்கலாம் என்பது அதன் சாரம். சர்வர் என்றாலே உறையும் குளிரில் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தைரியம் தந்தது. குளிர்சாதனம் இல்லாத அறையில், காற்றோட்டம் சரியாக இருந்தால், சிறிய கணினிகள் நன்றாகவே வாழ்கின்றன.

மின்சாரம் இங்கே அநேகமாகப் போகாது. ஆனால் வீட்டுக்குள் டிரிப் ஆகும். ஒரு மாலை அம்மா பழைய கெட்டிலைப் போட, கசிவுமின் தடுப்பான் டப்பென்று விழுந்து வீடே இருண்டது. அது சரியாகத்தான் தன் வேலையைச் செய்தது. சர்வர்கள் எழுதிக்கொண்டிருந்த நடுவில் அணைந்துபோயின; படங்கள் இருந்த விர்ச்சுவல் மெஷின் திரும்ப எழவில்லை. முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டேன், நாற்பது நிமிடத்தில். அடுத்த நாளே சிறிய யுபிஎஸ் ஒன்று வந்தது; மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி. மின்சாரம் போனால் அது ஒரு சொல் அனுப்பும். கணினிகள் தாங்களாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளும். மின்னல் அதிகமாக விழும் ஊரிலும் இருக்கிறோம். யுபிஎஸ் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிஸ்குகளில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தனியே வைத்துக்கொள்ளும். படிக்கும்போது எண் பொருந்தவில்லை என்றால், இணை டிஸ்கில் இருக்கும் நல்ல பிரதியைக் கொண்டு அந்தத் துண்டைச் சரிசெய்துவிடும். டிஸ்க் முழுதாகச் சாவது கண்ணுக்குத் தெரியும். ஒரு பாட்டின் நடுவே சில பைட்டுகள் சத்தமில்லாமல் கெட்டுப்போவது தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும்படி வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் ஒருமுறை, ஒரே ஒரு துண்டு திருத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. அது எந்தக் கோப்பு என்று எனக்குத் தெரியாது. அப்பாயியின் ஒரு மூச்சாகக்கூட இருந்திருக்கலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை அதிக நாள் உட்காரவைத்தது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அப்பா தமிழில் எழுதி வைத்ததை நான் ஏன் ஆங்கில எழுத்தில் மாற்ற வேண்டும்? ஆனால் ஒரு நாள் பார்க்கிறேன், ஒரே ஃபோல்டரில் 'கோலாட்டம்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கவே முடியாதே! காரணம் கிடைக்க இரண்டு இரவு ஆனது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு ஓகாரக் குறி ஒன்றே சேர்வது ஒரு விதம். 'க'வோடு ஏகாரக் கொம்பும், அதற்குப் பின் காலும் தனித்தனியாகச் சேர்வது இன்னொரு விதம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்று குறிகளுக்கும் இப்படி இரண்டு வடிவம் உண்டு. திரையில் வித்தியாசமே தெரியாது. என் மனைவியின் பழைய மேக் கணினி பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமிக்கும். லினக்ஸோ கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். இருவரும் ஒரே பெயரைத் தட்டினாலும் சர்வருக்கு அவை இரண்டு பெயர்கள். கன்வ்எம்வி என்ற சிறு கருவியை ஓடவிட்டு எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவர்கள் இந்தப் பள்ளத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பெயரின் நீளம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட் வரை போகலாம். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆக 85 குறிகள்தான். 'கி' என்பதே இரண்டு குறி. அப்பா கேசட் உறையில் எழுதிய குறிப்புகளை அப்படியே பெயராக வைக்கப் போனால் பாதியில் நின்றுவிடும்.

அப்புறம் அப்பாவின் ஃப்ளாப்பிகள். 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்பா போய்வந்தார். தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி நம் ஊர்க்காரர், அவரும் ஆசிரியர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த உற்சாகத்தில் பாடக் குறிப்புகளையும் கவிதைகளையும் கணினியில் அடிக்க ஆரம்பித்தார். அது யூனிகோட் வீட்டுக் கணினிகளுக்கு வராத காலம். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. இருபது வருடம் கழித்து நான் திறந்தபோது, கோப்பு பழுதில்லாமல் இருந்தது, ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை. திரை முழுக்கக் கொக்கியும் புள்ளியும். பாதிக்கு மேல் டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருந்தன. லினக்ஸில் இருக்கும், ஒரு குறியீட்டை இன்னொன்றாக மாற்றும் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும் என்று கண்டுபிடித்த இரவை மறக்க மாட்டேன். ஒரே வரி. தட்டினேன். திரையில் வரிவரியாக அப்பா எழுந்து வந்தார். மனைவியை எழுப்பினேன். "என்னங்க, மணி ஒண்ணரை" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நின்றபடியே முழுக் கவிதையையும் படித்துவிட்டுத்தான் போனாள். மற்ற கோப்புகள் வேறு ஏதோ எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றுக்கு எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், டிஸ்கில் பைட்டுகள் பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது. அதைத் திறந்து படிக்கத் தெரிந்த ஒரு கணினியும், அதன் பொருள் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும்.

பேக்கப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு டிஸ்குகள் இணையாக ஓடுவது பேக்கப் ஆகாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். என்னிடம் மூன்று பிரதிகள். ஒன்று இங்கே. இரண்டாவது தெம்பனிஸில் அக்கா வீட்டில், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மினி பிசியில். இரவு இரண்டு மணிக்கு அன்றைய மாற்றங்கள் மட்டும், இணையத்துக்குள் தனிப்பாதை போடும் வயர்கார்ட் மென்பொருள் வழியாக மறையாக்கத்தோடு அங்கே போகும். வீட்டுக்கு வீடு ஃபைபர் இருக்கிற ஊரில் இது ஐந்து நிமிட வேலை. மூன்றாவது, மறையாக்கம் செய்து வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த இடத்தில். வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வயர்கார்ட் ஒன்றே வழி. வேறெந்தக் கதவையும் இணையத்துக்குத் திறந்து வைக்கவில்லை, வைக்கவும் கூடாது.

பேக்கப் நடக்கிறது என்று பச்சை விளக்கு காட்டுவதை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அக்கா வீட்டுப் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்து, வரவேற்பறையில் முழுதாக ஓடவிடுவேன். போன மாதம் வந்தது 17-ஆம் கேசட், இரண்டாம் பக்கம். 'அப்பாயி தாலாட்டு 1983' என்று பெயர். ஒரு குழந்தை சிணுங்குகிறது, பிறகு பாட்டு தொடங்குகிறது. அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, இது அப்பாயி இல்லப்பா."

அப்பாவின் கையெழுத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"அவர் எழுதினது வேற பாட்டுக்கு. அன்னைக்கு அப்பாயிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. இது எதிர்வீட்டு ராசாத்தி அக்கா. அழுவுறது உங்க அக்கா, காய்ச்சல்ல கிடந்தா. கடைசியில ஒரு இருமல் கேக்கும் பாரு, அதுதான் அப்பாயி."

பாட்டு முடிந்தது. இருமல் கேட்டது.

பெயரை மாற்றினேன். அம்மா சொன்னதையெல்லாம் சேர்த்து எழுதியதில், பெயர் மிக நீளம் என்று சர்வர் மறுத்துவிட்டது. அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு வெற்று உரைக்கோப்பைத் திறந்து, அம்மாவுக்கு நாற்காலி போட்டேன். ராசாத்தி அக்கா எந்த ஊர், அவருடைய கணவர் துறைமுகத்தில் என்ன வேலை பார்த்தார், அந்தத் தாலாட்டை அவர் யாரிடம் கற்றார் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். சோறு ஆறிப்போனது. ஆறு பக்கம் வந்தது. இரவு இரண்டு மணிக்கு அது தெம்பனிஸுக்குப் போயிற்று.